ஊர்ப் பெயரும் உழைப்போர் கையும்: வைன் பிறப்பிடச் சுட்டிகளும் கிராமிய அபிவிருத்தியும் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு பண்டம் தான் பிறந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு சந்தைக்கு வருவது மிகப் பழைய வழக்கமாகும். 1945 ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழ்வாய்வு, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து தமிழகக் கரையை வந்தடைந்த வைன் சாடிகளின் உடைந்த துண்டுகளை வெளிக்கொணர்ந்தது. அவற்றுள் ஒரு வகை, ஈஜியக் கடலிலுள்ள கொஸ் தீவுக்கே உரிய இரட்டைத் தண்டுக் கைபிடியை உடையது. அக்காலத்தில் சாடியின் வடிவமே ஊரின் பெயரைச் சொல்லிற்று. ஆனால் அரிக்கமேட்டில் கிடைத்த அவ்வடிவச் சாடிகளுட் சில கொஸ் தீவிற் செய்யப்பட்டவையல்ல. இத்தாலியின் கம்பானியாப் பகுதியிற் செய்யப்பட்ட போலிகள் எனப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி நூல் செய்த றோமரான கேற்றோ, கொஸ் வைனை இத்தாலியிலேயே செய்துகொள்ளும் முறையை அந்நூலில் எழுதிவைத்துள்ளார். எனவே ஊர்ப் பெயரின் மதிப்பும் அப்பெயரைத் திருடுதலும் ஒருங்கே வளர்ந்தவை எனலாம்.

இன்று இம்மதிப்பைச் சட்டம் காக்கின்றது. குறித்த ஒரு பிரதேசத்தின் பெயரை, அப்பிரதேசத்தில் வகுத்துரைக்கப்பட்ட விதிகளின்படி விளைவிக்கப்படும் பண்டத்துக்கு மட்டுமே உரியதாக்கும் ஏற்பாட்டை இக்கட்டுரை பிறப்பிடச் சுட்டி எனக் குறிப்பிடுகின்றது. இச்சுட்டிகள் கிராமத்தைக் காக்கும் கருவிகள் என்பது அபிவிருத்தி பற்றிப் பேசுவோர் பலரது துணிபு. ஆடைத் தொழிற்சாலையைக் கூலி குறைந்த வேறொரு நாட்டுக்கு ஒரே இரவிற் பெயர்த்துச் செல்லலாம். ஊர்ப் பெயரைப் பெயர்த்துச் செல்ல முடியாது. ஆகவே பெயரால் வரும் வருமானம் ஊரிலேயே தங்கும். சிறு நிலமுடையோர் நிலத்தை விட்டு நகரத்துக்கு ஓடமாட்டார். நிலமும் கெடாது பேணப்படும் என்பதே அவர்களது வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தைச் சோதிப்பதற்கு வைனே தகுந்த உதாரணமாகும். ஏனெனில் பிறப்பிடச் சுட்டி மிக நீண்ட வரலாற்றையும் மிக இறுக்கமான விதிகளையும் பெற்றது வைனிலேயேயாம். மதுவின் நன்மை தீமை இங்கு ஆராயப்படவில்லை. ஊர்ப் பெயர் ஒரு மேலதிக வருமானத்தைப் பெற்றுத் தருகின்றது என்பதை இக்கட்டுரை மறுக்கவுமில்லை. அவ்வருமானம் ஊரில் எவரிடம் சென்று சேருகின்றது, அதனைத் தீர்மானிப்பது எது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

மண்ணா, மனிதரா?

பிறப்பிடச் சுட்டியின் தத்துவம் பிரெஞ்சு மொழியில் 'தெறுவார்' எனப்படும் கருத்தின்மீது எழுப்பப்பட்டது. மண், சரிவு, வெயில், மழை, வழிவழி வந்த கைத்திறன் ஆகிய யாவும் கூடிய ஓர் இடத்தின் தனித்தன்மையை இச்சொல் குறிக்கும். 1958 ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கையும் பண்டத்தின் தரம் புவியியற் சூழலிலிருந்து பிறக்கின்றது எனக் கூறி, அச்சூழலுள் இயற்கைக் காரணிகளையும் மனிதக் காரணிகளையும் ஒருசேர அடக்கியது. இங்கு 'மனிதக் காரணி' என்ற தொடர் நம் கவனத்துக்குரியது. சட்டம் இதனை மரபு, நுட்பம், பழக்கம் என்ற அளவிலேயே பொருள்கொண்டு வந்துள்ளது. அந்நுட்பத்தைத் தன் உடலிற் சுமந்திருக்கும் மனிதன் எவ்வாறு வாழ்கின்றான் என்பது வரைவிலக்கணத்தினுள் நுழையவில்லை.

இதற்கு மாறான நோக்கொன்றைக் காள் மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் மூன்றாம் தொகுதியில் முன்வைத்துள்ளார். நிலவாடகை பற்றி ஆராயுமிடத்து, சிறிய அளவிலேயே கிடைக்கத்தக்க அரிய வைனைத் தரும் முந்திரிகைத் தோட்டத்தை அவர் உதாரணமாக எடுத்துக்கொள்கின்றார். அத்தகைய வைனின் விலையை வாங்குவோரின் விருப்பமும் செல்வமுமே நிர்ணயிக்கின்றன. அதனால் வரும் ஏகபோக மிகையிலாபம், அந்நிலத்துண்டின்மீது உரிமைகொண்டவருக்கு வாடகையாகச் சென்றடைகின்றது என்பது அவரது விளக்கம். இதனை ஏற்றுக்கொள்ளின் பிறப்பிடச் சுட்டியின் இயல்பு தெளிவாகின்றது. அது, இயற்கை ஓரளவே வரைந்த எல்லையைச் சட்டத்தால் இறுக்கி, அவ்வெல்லைக்குள் ஒரு வாடகையை உண்டாக்குவதாகும். வாடகை உண்டாகியதும் அதற்கான போட்டியும் உண்டாகும். வைன் பிரதேசங்களின் வரலாறு இப்போட்டியின் வரலாறே என்பதைப் பின்வரும் உதாரணங்கள் காட்டும்.

டூரோ: கல்லில் எழுதிய எல்லை

போர்த்துக்கலின் வடபகுதியிலுள்ள டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு, அரசால் எல்லையிடப்பட்டு ஒழுங்குபடுத்தப்பட்ட முதல் வைன் பிரதேசங்களுள் ஒன்றாகும். 1703 ஆம் ஆண்டு மெதுவன் உடன்படிக்கை இங்கிலாந்தின் சந்தையைப் போர்த்துக்கேய வைனுக்குத் திறந்துவிட்டது. தேவை பெருகவே கலப்படமும் பெருகிற்று. நிறத்துக்காக எல்டர் எனும் செடியின் பழச்சாறு சேர்க்கப்பட்டது, புறத்தே விளைந்த வைன் டூரோவின் பெயரில் விற்கப்பட்டது, விலை சரிந்தது. பின்னாளிற் பொம்பால் கோமகன் எனப் புகழ்பெற்ற முதலமைச்சர் கர்வாலோ, 1756 ஆம் ஆண்டில் மேல் டூரோ முந்திரிகைச் செய்கைக்கான கம்பனியை நிறுவினார். ஏற்றுமதிக்குத் தகுந்த வைன் விளையும் நிலங்களைச் சுற்றிப் பெயரும் ஆண்டும் பொறித்த கருங்கல் எல்லைக்கற்கள் நாட்டப்பட்டன. எல்டர் செடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன.

இந்நடவடிக்கை வைனின் தரத்தைக் காத்தது உண்மை. ஆயினும் அதே கம்பனிக்குப் போர்ட்டோ நகரின் சில்லறை வைன் விற்பனையில் ஏகபோக உரிமையும் வழங்கப்பட்டிருந்தது. 1757 பெப்ரவரியில் அந்நகரின் எளிய மக்களும் மதுக்கடை நடத்துவோரும் கம்பனிக்கு எதிராகத் தெருவில் இறங்கினர். எழுச்சி அடக்கப்பட்டது, ஆண்களும் பெண்களுமாகப் பலர் தூக்கிலிடப்பட்டனர். எல்லைக்கல் நாட்டப்பட்ட காலமும் தூக்குமரம் நாட்டப்பட்ட காலமும் ஒன்றே என்பதை, டூரோவின் பெருமை பேசுவோர் நினைவுகூர்வது குறைவு.

எல்லை யாருக்காக இயங்கிற்று என்பதை 1926 ஆம் ஆண்டின் ஏற்பாடு மேலும் தெளிவாக்கும். அதன்படி ஏற்றுமதிக்குரிய போர்ட் வைன் யாவும் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள விலா நோவா டி கையா நகரின் கிட்டங்கிகளிலிருந்தே அனுப்பப்படல் வேண்டும். அக்கிட்டங்கிகளோ வணிக நிறுவனங்களுக்கு உரியவை. அவற்றுட் பல ஆங்கிலேயக் குடும்பங்களின் கையில் இருந்தவை. மலைச்சரிவிற் கற்படிகளைக் கட்டி முந்திரிகையை விளைவித்தவர் தமது வைனைத் தாமே நேரடியாகக் கடல் கடத்த முடியாதிருந்தது. இவ்விதி 1986 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. அறுபது ஆண்டுகளாக ஊரின் பெயர் ஊருக்கு உரியதாகவும், அப்பெயரைக் காசாக்கும் வாசல் வேறோர் இடத்துக்கு உரியதாகவும் இருந்தன.

இன்றும் டூரோவில் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு சாறு போர்ட் வைனாக்கப்படலாம் என்ற அளவு நிர்ணயிக்கப்படுகின்றது. நிலத்துண்டுகள் உயரம், சரிவு, மண் முதலியவற்றுக்கேற்ப வகுக்கப்பட்டு அவ்வளவு பகிரப்படுகின்றது. இவ்வனுமதி பெற்ற பழத்துக்கும் பெறாத பழத்துக்கும் இடையிலான விலை வேறுபாடு மிகப் பெரிது. 550 லீற்றர் கொண்ட பீப்பாய்க் கணக்கில் 2023 இல் 104,000 ஆக இருந்த இவ்வளவு 2024 இல் 90,000 ஆகவும் 2025 இல் 75,000 ஆகவும் குறைக்கப்பட்டது. உலகில் போர்ட் வைன் அருந்துவோர் குறைந்து வருதலே இதற்குக் காரணம். விற்க வழியின்றிப் பழத்தை வைத்துக்கொண்டு தவிக்கும் சிறு செய்கையாளர் அண்மை ஆண்டுகளிற் போராட்டம் நடத்தியுள்ளனர். 2001 ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்ட அதே கற்படி நிலத்திலேதான் இது நிகழ்கின்றது. காட்சி காக்கப்பட்டுள்ளது, அக்காட்சியைக் கட்டிக் காப்பவரின் பிழைப்பு அதே அளவிற் காக்கப்படவில்லை.

ஷாம்பேன்: மேசையில் இடம் பிடித்தோர்

டூரோவுக்கு மாறான ஓர் உதாரணத்தைப் பிரான்சின் ஷாம்பேன் பிரதேசம் தருகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள செய்கையாளர் பைலொக்செரா எனும் பூச்சியாலும் தொடர்ந்து பொய்த்த விளைச்சலாலும் நொடிந்திருந்தனர். வணிக நிறுவனங்கள் சிலவோ லுவார், தென்பிரான்சு ஆகிய பகுதிகளிலிருந்து மலிவான வைனைத் தருவித்து ஷாம்பேன் என விற்றன. 1908 ஆம் ஆண்டில் அரசாங்கம் எல்லையொன்றை வகுத்தது. மார்ன் மாவட்டம் உட்பட்டது. தெற்கேயுள்ள ஓப் மாவட்டம் வெளியே தள்ளப்பட்டது. 1911 ஜனவரியில் மார்ன் செய்கையாளர் போலி வைன் பீப்பாய்களை உடைத்து ஆற்றில் ஊற்றினர். எல்லையைக் கைவிடும் தீர்மானத்துக்குச் செனற் சபை சாதகமாக வாக்களித்தது என்ற செய்தி கேட்டு, ஏப்ரல் 12 ஆம் திகதி ஆயி நகரில் வணிக இல்லங்களுக்குத் தீ வைத்தனர். மறுபுறத்தில் ஓப் மக்கள் தம்மை எல்லைக்குள் சேர்க்குமாறு ஊர்வலம் சென்றனர். படை வரவழைக்கப்பட்டது. இறுதியில் 1927 ஆம் ஆண்டுச் சட்டம் ஓப் பகுதியையும் உள்வாங்கியது.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. 1908 க்கும் 1927 க்கும் இடையில் ஓப் மாவட்டத்தின் மண் மாறவில்லை; வெயிலும் மாறவில்லை; மாறியது மக்களின் பலமே. எல்லை என்பது மண்ணைப் பற்றிய கூற்றுப் போலத் தோன்றினும், உண்மையில் அது பலத்தைப் பற்றிய கூற்று என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்போராட்டத்தின் விளைவு வீண்போகவில்லை. 1935 ஆம் ஆண்டில் செனற்றர் ஜோசப் கப்பூஸின் முயற்சியால் பிரான்சு முழுவதற்குமான பிறப்பிடச் சுட்டிச் சட்டம் உருவாயிற்று. 1941 ஆம் ஆண்டில், போர்க்காலத்தில், ஷாம்பேனின் செய்கையாளரும் வணிக நிறுவனங்களும் சம பிரதிநிதித்துவத்துடன் அமரும் குழுவொன்று அமைக்கப்பட்டது. இன்று இப்பிரதேசத்தின் ஏறத்தாழ 34,000 ஹெக்டேயர் முந்திரிகை நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட செய்கையாளருக்கு உரியது. விற்பனையின் பெரும்பங்கு வணிக நிறுவனங்களுக்கு உரியது. ஒருவரின்றி மற்றவர் இயங்க முடியாத இந்நிலையில், விளைச்சலின் அளவு ஆண்டுதோறும் இருசாராரின் உடன்பாட்டுடனேயே நிர்ணயிக்கப்படுகின்றது. சில ஹெக்டேயர் நிலத்தைக் கொண்ட குடும்பங்கள் தலைமுறையாக நல்வாழ்வு வாழ்கின்றன. பிறப்பிடச் சுட்டி கிராமத்தை வாழவைக்கும் என்போருக்கு ஷாம்பேன் மறுக்கவொண்ணாச் சான்றாகும். ஆனால் வாழவைத்தது சுண்ணாம்பு மண் மாத்திரமன்று. நிலம் செய்கையாளரிடம் இருந்தமையும், விதி எழுதும் மேசையில் அவர்கள் போராடி இடம் பிடித்தமையுமே அதன் மெய்க்காரணங்கள்.

பெயர் பெறாத ஊர்களும் பெருக்கப்பட்ட ஊர்களும்

ஒரு பெயர் உயரும்போது பெயர் பெறாத ஊர்களின் கதி யாது? 1907 ஆம் ஆண்டில் தென்பிரான்சின் லாங்டொக் பகுதியில் விலைவீழ்ச்சியால் நொந்த இலட்சக்கணக்கான மக்கள் திரண்டெழுந்தனர். மார்சலாங் அல்பேர் என்னும் செய்கையாளரின் தலைமையில் தொடங்கிய அவ்வெழுச்சியின்போது நார்பொன் நகரிற் படையினர் சுட்டதில் மக்கள் உயிரிழந்தனர். அவர்கள் அன்று கேட்டது சீனியும் நீரும் கலந்த போலி வைனிலிருந்து பாதுகாப்பு. அதற்கான சட்டமும் அவ்வாண்டே இயற்றப்பட்டது. ஆனால் 1935 இன் பின் வைன் உலகம் பெயருடையவை, பெயரற்றவை என இரு சாதியாகப் பிரிந்தபோது, லாங்டொக்கின் பெரும்பகுதி இரண்டாவதில் அடங்கிற்று. அம்மக்களுக்கு நீண்ட காலம் கைகொடுத்தது கூட்டுறவேயாம். மறொசான் என்ற சிற்றூரில் 1901 ஆம் ஆண்டிலேயே செய்கையாளர் கூட்டுறவாக ஒன்றுகூடித் தமது வைனைப் பாரிஸ் நகரத் தொழிலாளரின் நுகர்வோர் கூட்டுறவுகளுக்கு விற்றனர். ஊர்ப் பெயரின் துணையின்றியும் ஊர் வாழ வழியுண்டு என்பதற்கு இது சான்று. சுட்டியை மட்டும் கண்டு கூட்டுறவை மறக்கும் அபிவிருத்திச் சிந்தனை குறையுடையதே.

இனி, பெயர் இருந்தும் வாழ்வு உறுதியில்லை என்பதை போர்தோ காட்டுகின்றது. உலகப் புகழ்பெற்ற அப்பிரதேசத்தில் 2023 ஆம் ஆண்டு முதல் பல ஆயிரம் ஹெக்டேயர் முந்திரிகைக் கொடிகள் அரச நிதியுதவியுடன் பிடுங்கப்பட்டுள்ளன. புகழ்பெற்ற சில மாளிகைகளின் வைன் பெருவிலைக்கு விற்க, அதே பிரதேசப் பெயரை ஒட்டிய சாதாரண வைன் செலவுக்கும் கட்டாத விலைக்கு விற்றது. பெயர் ஒன்றே, அதனுள் வர்க்கங்கள் பல.

இத்தாலியின் புறொசெக்கோ இன்னொரு விசித்திரம். அது நெடுங்காலம் ஒரு முந்திரிகை இனத்தின் பெயராகவும் வழங்கி வந்தது. இனத்தின் பெயரை எவரும் எங்கும் பயன்படுத்தலாமாகையால், 2009 ஆம் ஆண்டில் அவ்வினத்துக்குக் கிளேரா என்ற பெயர் சூட்டப்பட்டு, திரியெஸ்ற் நகருக்கு அருகிலுள்ள புறொசெக்கோ என்ற சிற்றூரைச் சாட்டாகக் கொண்டு அப்பெயர் ஒரு பிரதேசப் பெயராக மாற்றப்பட்டது. வெனெற்றோ, பிரியூலி ஆகிய மாகாணங்களின் ஒன்பது மாவட்டங்கள் அவ்வெல்லைக்குள் அடங்கின. ஆண்டுக்கு அறுநூறு மில்லியனுக்கு மேற்பட்ட போத்தல்கள் இன்று அப்பெயரில் வெளிவருகின்றன. செங்குத்தான குன்றில் கையால் அறுவடை செய்யும் பழைய செய்கையாளனும், சமவெளியில் இயந்திரத்தால் அறுவடை செய்யும் புதிய முதலீட்டாளனும் ஏறத்தாழ ஒரே பெயரின் கீழ்ச் சந்தையிற் சந்திக்கின்றனர். இங்கு ஊர் பெயரைத் தரவில்லை. பெயருக்காக ஊர் தேடப்பட்டது.

விதிநூல் பேசாத கை

ஷாம்பேனை மறுக்கவொண்ணாச் சான்று என மேலே குறிப்பிட்டோம். அச்சான்றின் மறுபக்கத்தையும் நோக்குதல் நேர்மையாகும். ஷாம்பேன் விதிநூல் மிக நுணுக்கமானது. கொடியை எவ்வாறு கவாத்துச் செய்வது, எவ்வளவு இடைவெளியில் நடுவது, 4,000 கிலோகிராம் பழத்திலிருந்து 2,550 லீற்றருக்கு மேற் சாறு பிழியலாகாது என்பன யாவும் அதில் எழுதப்பட்டுள்ளன. பழக்குலை சிதையாது முழுதாக ஆலையை அடைய வேண்டுமாகையால் அறுவடை கையாலேயே நிகழ வேண்டும் என்பதும் விதி. இதனால் ஆண்டுதோறும் சில வாரங்களுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சத்து இருபதாயிரம் பேர் அறுவடைக்குத் தேவைப்படுகின்றனர். இவர்களுட் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வந்தோர். இடைத்தரகர் மூலம் அழைத்துவரப்படுவோர்.

2023 ஆம் ஆண்டு அறுவடை கடும் வெயிலில் நிகழ்ந்தது. அறுவடைக்கு வந்தோருட் சிலர் அக்காலத்தில் உயிரிழந்தனர். அதே பருவத்தில் மார்ன் பகுதியின் சிற்றூரொன்றில், பெரும்பாலும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர் மனிதர் வாழத் தகாத கட்டடத்தில் அடைக்கப்பட்டிருந்தமையை அதிகாரிகள் கண்டறிந்தனர். 2025 ஜூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் இது தொடர்பாக மூவரை மனிதக் கடத்தற் குற்றத்துக்காகத் தண்டித்தது. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. ஆயினும் நாம் கேட்க வேண்டிய வினா வேறு. பழம் கையாலேயே பறிக்கப்பட வேண்டும் என விதித்த நூல், அக்கை எங்கே உறங்கியது, என்ன உண்டது, என்ன கூலி பெற்றது என்பதை ஏன் விதிக்கவில்லை? சாற்றின் அளவைக்கூட லீற்றர் கணக்கில் வரையறுத்த விதிநூலில் தொழிலாளனுக்கு ஒரு வரி இல்லை. தொழிற்சட்டம் வேறு, சுட்டிச் சட்டம் வேறு எனச் சிலர் விடை கூறுவர். அவ்வாறாயின் 'மனிதக் காரணி' என்று எதனைக் கூறினோம் என்ற வினா மீண்டும் எழுகின்றது. 1911 ஆம் ஆண்டில் மேசையில் இடம் கேட்டுப் போராடிய செய்கையாளரின் பேரர், இன்று அம்மேசையில் அமர்ந்திருக்கின்றனர்; அறுவடை செய்வோர் அறைக்கு வெளியே நிற்கின்றனர்.

நிலைபேறு என்னும் சொல்

சூழலைக் காப்பதிலும் இச்சுட்டிகள் இருமுனைக் கத்தியாகவே உள்ளன. டூரோவின் கற்படிகளைப் போன்ற செலவுமிக்க நில அமைப்புகள், பெயரின் விலை இல்லாதிருப்பின் எப்போதோ கைவிடப்பட்டிருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மரபைக் காக்கும் விதி மாற்றத்தைத் தடுக்கவும் கூடும். வெப்பம் உயர்ந்துவரும் இக்காலத்தில், குறித்த சில முந்திரிகை இனங்களையே நடலாம் என்ற விதி செய்கையாளனைக் கட்டிப்போடுகின்றது. போர்தோவில் வெப்பத்தைத் தாங்கும் புதிய இனங்கள் சிலவற்றுக்குப் பரிசோதனை அடிப்படையில் 2021 ஆம் ஆண்டிலேயே அனுமதி கிடைத்தது. அதுவும் சிறிய விகிதத்தில். ஷாம்பேனில் 2025 ஆம் ஆண்டளவில் களைகொல்லிப் பயன்பாட்டை முற்றாக ஒழிப்பதென 2018 இல் அறிவிக்கப்பட்ட இலக்கு 2022 இற் கைவிடப்பட்டது. களையைக் கையாலும் கருவியாலும் அகற்றுவதற்குச் செலவு கூடும் என்பது காரணங்களுள் ஒன்று. மண்ணின் பெயரால் விற்கும் வைன், அம்மண்ணில் நஞ்சிடுவதை நிறுத்தத் தயங்குகின்றது. மண்ணின் புகழையும் மண்ணின் நலத்தையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பதையே இது உணர்த்துகின்றது.

மாற்றும் நமது படிப்பினையும்

குறை கூறுதல் மட்டும் விமர்சனமாகாது. தென்னாபிரிக்காவில் 1973 ஆம் ஆண்டில் வைன் பிறப்பிடத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நிறவெறி ஆட்சியின் கீழ், கூலியின் ஒரு பகுதியை மலிந்த வைனாகவே கொடுத்துத் தொழிலாளரைக் குடிக்கு அடிமையாக்கும் 'டொப்' முறை, சட்டத் தடையையும் மீறித் தோட்டங்களில் நிலவிய காலம் அது. வைன் எங்குப் பிறந்தது என்பதைச் சான்றுப்படுத்திய முத்திரை, அது எவ்வாறு பிறந்தது என்பதைப் பற்றி மௌனம் சாதித்தது. 2002 ஆம் ஆண்டில் உற்பத்தியாளரும் தொழிற்சங்கங்களும் அரசு சாரா அமைப்புகளும் கூடித் தொழில் நிலைமைகளைக் கண்காணிக்கும் சங்கமொன்றை நிறுவின. மேற்குக் கேப் தோட்டங்களின் அவலநிலையை 2011 இல் சர்வதேச மனித உரிமை அமைப்பொன்று வெளிப்படுத்திற்று. அடுத்த ஆண்டில், நேரிய தொழில் நிலைமையைச் சான்றுப்படுத்தும் தனி முத்திரை போத்தல்களில் தோன்றியது. அம்முத்திரை யாவற்றையும் தீர்த்துவிட்டது எனக் கூறமுடியாது. ஆயினும் பிறப்பிடத்துக்கு அருகில் உழைப்புக்கும் ஓர் எழுத்து இடம்பெற முடியும் என்பதை அது நிறுவிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியும் உற்பத்தியாளர் குழுக்கள் சூழல், சமூகம் சார்ந்த நிலைபேறான நடைமுறைகளைத் தமது விதிநூலிற் சேர்க்க வழி செய்துள்ளது. ஆனால் அது கட்டாயமன்று, விரும்பினாற் சேர்க்கலாம். மேசையில் அமராதவரின் நலனை மேசையில் அமர்ந்தோரின் விருப்பத்துக்கு விட்டால் விளைவது யாது என்பதை மேலே கண்டோம்.

இவ்விடயம் நமக்கு அயலானதன்று. 1994 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக உடன்படிக்கை, தனது 23 ஆம் உறுப்புரையில் வைனுக்கும் மதுசாரத்துக்கும் மட்டும் மேலான பாதுகாப்பை வழங்கியது. தேயிலைக்கும் கறுவாவுக்கும் அப்பாதுகாப்பு இல்லை. இவ்வேற்றத்தாழ்வை நீக்கக் கோரிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அக்கோரிக்கை நியாயமானதே, செல்வ நாடுகள் தமது பண்டத்துக்கு ஒரு சட்டமும் வறிய நாடுகளின் பண்டத்துக்கு வேறொரு சட்டமும் செய்தன. 2022 ஆம் ஆண்டில் இலங்கைக் கறுவாவின் பெயர் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாயிற்று. அதே ஆண்டில் நம் நாட்டுச் சட்டமும் இத்தகைய பெயர்களுக்கான பதிவேட்டுக்கு வழிவகுத்தது. இனி வரவிருக்கும் பெயர்கள் பல. அவற்றின் விதிநூல்களை எழுதும் மேசையில் எவர் அமர்வர் என்பது இன்னும் நமது கையிலுள்ள வினாவாகும்.

இக்கட்டுரையை எழுதும் நான் மலையகத் தோட்டமொன்றின் லயக் காம்பராவில் வளர்ந்தவன். எனது தாயார் பறித்த கொழுந்து தராசில் ஏறிய மறுகணமே அவருடையதல்லாதாயிற்று; மலையின் பெயரையும் நாட்டின் பெயரையும் சூடிக்கொண்டு கடல் கடந்தது. அதன் சுவைக்குக் காரணம் மலையின் உயரமும் மூடுபனியும் காற்றும் எனப் பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் பாடசாலைப் பருவத்தில் வாசித்திருக்கின்றேன். அது பொய்யன்று. ஆனால் இரண்டு இலையும் ஒரு குருத்தும் என எண்ணிப் பறித்த விரல்களும் அச்சுவையின் காரணங்களுள் அடங்கும். ஷாம்பேன் செய்கையாளருக்கு நிலம் இருந்தது; அந்நிலத்தின் பலத்தால் அவர் தமது பங்கைப் பெற்றார். நிலமற்ற தொழிலாளிக்கு ஊர்ப் பெயர் மட்டும் உயர்ந்தால் நன்மை தானாக வந்து சேரும் என நம்புவதற்கு இருநூற்றெழுபது ஆண்டு வைன் வரலாறு இடம் தரவில்லை.

எனவே பிறப்பிடச் சுட்டி வேண்டாம் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. அது வேண்டும். ஆனால் நிலைபேறான கிராமிய அபிவிருத்திக்கு அது கருவியாக வேண்டுமாயின், எல்லையையும் விளைச்சலையும் வரையறுக்கும் அதே விதிநூல் கூலியையும் உறைவிடத்தையும் வரையறுத்தல் வேண்டும். நிலவுடைமையாளரும் வணிகரும் அமரும் மேசையில் உழைப்போரின் பிரதிநிதிகளும் உரிமையோடு அமர்தல் வேண்டும். இவை இல்லாதவிடத்து, ஊரின் பெயர் உலகெங்கும் ஓங்கும். ஊரார் இருந்த இடத்திலேயே இருப்பர்.